படியில எண் எழுது, மாப்ளே

பவானி,
சித்திரை 8

மாப்ளே,

பொங்கலுக்கப்புறம் ஒரு வரி எழுதல, தப்புதான். தங்கச்சிக்கு மூட்டுவலி தேவலையா? நம்ம சண்முகம் இன்னும் அந்தச் சைக்கிளை விடலையாமே, நல்லா இருக்கட்டும்.

ஒன்பதாம் வகுப்புக்குப் பேரிடர் பாடம் எப்படி நடத்தறதுன்னு கேட்டிருந்தே. சார்ட் ஒட்டறதோட நிறுத்திராதே, புள்ளைங்களை அளக்கச் சொல்லு.

இங்க பவானியும் காவிரியும் சேர்ற கூடுதுறையில, படித்துறையில தண்ணி கீழ கெடக்கறப்பவே, கேட்க வேண்டியவங்களைக் கேட்டுட்டு, படிக்குப் படி எண் எழுதிரணும். மேலிருந்து எண்ணணும், இன்னும் எத்தனை படி பாக்கின்னு பார்த்ததும் தெரியும். சுண்ணாம்பு ஒரே வெள்ளத்துல போயிரும், ஆயில் பெயிண்டுதான். மிதிக்கிற பக்கத்துல, சுவரோரமா எழுதணும். நடுவுல எழுதினா குளிக்க வர்றவங்க வழுக்கி விழுவாங்க.

நோட்டுல காவிரி மேல இருக்கற மேட்டூர் அணையில எவ்வளவு திறந்தாங்க, பவானி மேல இருக்கற பவானிசாகர் அணையில எவ்வளவு, தண்ணி எந்தப் படியில நிக்குது, மூணும் வேணும். பவானிசாகரை மட்டும் பார்த்தா ஏமாந்துருவோம். காவிரி நெறஞ்சு போனா பவானித் தண்ணி எதுத்துக்கிட்டு நிக்கும். புள்ளைங்க பண்ற தப்பு, திறந்த நேரத்துப் படியவே எழுதிடறது. தண்ணி வந்து சேர மணிக்கணக்காகும், நேரத்தையும் குறிக்கணும். ஒரு கன அடின்னா 28.3 லிட்டர், சரி. ஆனா 'வினாடிக்கு 50,000 கன அடி'ன்னு டிவியில சொன்னா எந்தத் தெரு முழுகும்னு அந்த நோட்டுதான் சொல்லும்.

அடுத்தது வீட்டுக் கணக்கு. நடக்க முடியாதவங்க, மாசமா இருக்கறவங்க, கூடவே குழித்தறி, அதான் தரையில குழி வெட்டி வச்ச தறி, இருக்கற வீடு. தண்ணி மொதல்ல எறங்கறது தறிக்குழியிலதான். பாதி நெய்த ஜமக்காளத்தை, பாவு நூலை அறுத்துத் தூக்க மனசு வராம ஆளுக கடைசி வரைக்கும் உக்காந்திருப்பாங்க. இங்க 2018 ஆகஸ்ட்டுல தண்ணி புகுந்த தெருக்களுக்குப் போய், எந்த வீட்டுல தறி கழட்ட எவ்வளவு நேரம், எத்தனை கை வேணும்னு கேட்டு எழுதச் சொல்லணும். இதை எந்த அதிகாரியும் வந்து எழுத மாட்டாங்க மாப்ளே, அந்தத் தெருப் புள்ளைதான் எழுதணும்.

உங்க திருப்பூர்ல அணை அறிவிப்புக்குக் காத்திருக்க முடியாது. 2011 நவம்பர்ல ஜம்மனை ஓடை பொங்கினது மறந்துருமா? அங்க மழைமானிதான். நேர்ப்பக்கமுள்ள 2 லிட்டர் பாட்டிலோட தலையை அறுத்துக் கவுத்து வையுங்க. அடி மேடுபள்ளமா இருக்கும். கூழாங்கல் போட்டு, சமமாகற வரைக்கும் தண்ணி ஊத்தி, அங்க பூச்சியக் கோடு. மரத்தடி, தாழ்வாரம் ஆகாது. காலை 8.30க்கு அளந்து, பூச்சியத்துக்குக் கொண்டாந்துரணும். 64.5 மில்லிமீட்டரைத் தாண்டினா கனமழை.

ஒண்ணு மட்டும் கண்டிப்பு. வெள்ளத்தன்னிக்கு எந்தப் புள்ளையும் தண்ணியோரம் எறங்கக் கூடாது. வேகமா ஓடற தண்ணி அரையடி இருந்தாலே காலை வாரிரும். மேல நின்னு, பெரியவங்க துணையோட படி எண்ணைப் படிச்சா போதும்.

ஓடைப் பாலத்துத் தூண்ல அடிக்கு அடி அளவுக் கோடு போட இப்ப விட்டா நேரமில்ல. ஞாயித்துக்கிழமை வர்றேன், பெயிண்ட் வாங்கி வை.

உன்
மச்சான்