ஆதிரை என்றால் தேவதை இல்லை

ஆசிரியருக்கு வணக்கம்.

போன இதழில் நீங்கள் வெளியிட்ட அரிய பெண் குழந்தைப் பெயர்கள் பட்டியலை எங்கள் வீட்டில் முதலில் பார்த்தது என் மகள்தான். ஒன்பது வயது, பெயர் ஆதிரை. தன் பெயர் அச்சில் வந்திருக்கிறது என்றதும் ஓடிவந்து விரலை வைத்துக் காட்டினாள். 'ஆதிரை: தேவதை, அழகானவள். பிரபலம்: குறைவு' என்று போட்டிருந்தது. "அம்மா, நட்சத்திரம்னுதானே நீ சொன்னே?" என்று கேட்டாள். அம்மா சொன்னது தப்போ என்ற சந்தேகம் அவள் முகத்தில் அப்படியே தெரிந்தது. அதைப் பார்த்த பிறகு உங்களுக்கு எழுதாமல் இருக்க முடியவில்லை.

ஆதிரை என்றால் திருவாதிரை நட்சத்திரம்தான். ஓணத்துக்கு முன்னால் திரு சேர்ந்து திருவோணம் ஆன மாதிரி, ஆதிரை திருவாதிரை ஆனது. 27 நட்சத்திரங்களில் இந்த இரண்டுக்கு மட்டும்தான் அந்தத் திரு உண்டு. சிவனுக்கு ஆதிரையான் என்று ஒரு பெயர் இருப்பதும் இதனால்தான். வடமொழியில் இதையே ஆர்த்ரா என்பார்கள், ஈரமானது என்று பொருள், நம் சொல்லும் அதோடு உறவுள்ளதுதான். அதை மறைக்க வேண்டிய அவசியம் எதுவும் இல்லை. தமிழ் வாயில் புழங்கிப் புழங்கி ஆதிரை ஆகிவிட்டது, ஆயிரம் வருஷத்துக்கு மேலாக நம்மிடம் இருக்கிறது, அப்புறம் என்ன?

ஜனவரி மாதம் இரவு எட்டு மணி வாக்கில் மொட்டை மாடியில் கிழக்கே பார்த்து நின்றால், மூன்று நட்சத்திரங்கள் ஒன்றின்மேல் ஒன்றாக வரிசை கட்டி நிற்பது தெரியும். அதற்கு இடதுபக்கம் கொஞ்சம் தள்ளி, மற்ற எல்லாம் வெள்ளையாகவும் நீலமாகவும் மின்னும்போது, இது ஒன்று மட்டும் தணல் மாதிரி சிவந்திருக்கும். அதுதான் ஆதிரை. வானியலில் பெட்டல்ஜூஸ் என்கிறார்கள். சூரியன் இருக்கும் இடத்தில் அதைக் கொண்டுவந்து வைத்தால் நம் பூமி அதற்குள் போய்விடும், அவ்வளவு பெரியது. 2019 கடைசியிலும் 2020 தொடக்கத்திலும் அது வழக்கத்தைவிட ரொம்ப மங்கிப்போய், வெடிக்கப்போகிறதா என்று உலகம் முழுக்கப் பேசினார்கள், அப்புறம் பழையபடி தெளிந்துவிட்டது. என் மகளுக்கு வருஷா வருஷம் அதைக் காட்டுவேன், அவளே இப்போது தேடிக் கண்டுபிடித்துவிடுகிறாள். தன் பெயரை வானத்தில் பார்க்கிற குழந்தையிடம் போய் 'தேவதை' என்று சொல்லலாமா?

இன்னொன்றும் இருக்கிறது, என்னைக் கேட்டால் அதுதான் பெரியது. மணிமேகலைக் காப்பியத்தில் வரும் ஆதிரை. கணவன் சாதுவன் பொருளையெல்லாம் தொலைத்துவிட்டுக் கடல் கடந்து போகிறான், கப்பல் உடைந்து அவன் இறந்துவிட்டான் என்று சொல்லிவிடுகிறார்கள், இவள் தீ மூட்டி இறங்குகிறாள், தீ சுடவில்லை. இந்தப் பகுதியைச் சொல்லி அவளைக் கற்புக்கரசி என்று நிறுத்திக்கொள்கிறவர்கள்தான் அதிகம். எனக்குப் பிடித்தது அதற்கு அடுத்து வருவது. மணிமேகலை கையில் அமுதசுரபி இருக்கிறது, அதில் முதல் பிச்சை யாரிடம் வாங்குவது என்ற கேள்வி வரும்போது காயசண்டிகை என்ற பெண் காட்டுவது ஆதிரை வீட்டை. 'பாரகம் அடங்கலும் பசிப்பிணி அறுக என ஆதிரை இட்டனள் ஆருயிர் மருந்து.' உலகம் முழுக்கப் பசி என்ற நோய் தீரட்டும் என்று சொல்லி அவள் போட்ட சோறுதான் அந்தப் பாத்திரத்தில் விழுந்த முதல் சோறு. என் மகளுக்கு இந்தப் பெயரை நான் தேர்ந்தெடுத்ததே இந்த இரண்டு வரிக்காகத்தான்.

இதையெல்லாம் ஒரு பட்டியலில் எழுத முடியாது, சரி. ஆனால் 'நட்சத்திரம்' என்று ஒரு சொல் போட இடம் இருந்ததே! ஒருவர் தப்பாக எழுதியதை அடுத்தவர் அப்படியே எடுத்துப் போடுகிறார், பொருள் தெரியாத பெயருக்கெல்லாம் தேவதை, அழகு, லட்சுமி என்று எதையாவது நிரப்பிவிடுகிறார்கள். சென்னைப் பல்கலைக்கழகம் 1936இலேயே ஆறு தொகுதிகளாகத் தமிழ்ப் பேரகராதியை முடித்துக் கொடுத்துவிட்டது, இன்று அது இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. அதைத் திறந்து பார்க்க எவ்வளவு நேரம் ஆகும்?

அப்புறம் அந்த 'பிரபலம்: குறைவு'. எதை வைத்து எண்ணினீர்கள்? அமெரிக்காவில் சமூகப் பாதுகாப்பு அலுவலகம் 1880 முதலான பெயர்களை ஆண்டுவாரியாக எண்ணி வெளியிடுகிறது, ஒரு ஆண்டில் ஐந்து குழந்தைகளுக்காவது வைத்திருந்தால்தான் அந்தப் பெயர் பட்டியலில் வரும். அப்படி ஒரு கணக்கு இருந்தால் குறைவு என்று சொல்லலாம். கேரளத்தில் ஆதிரா என்ற பெயரில் எத்தனையோ பெண்கள் இருக்கிறார்கள், அதே நட்சத்திரம், அதே சொல். இங்கே ஐ, அங்கே ஆ, அவ்வளவுதான். யாழினி என்ற பெயரை நான் படிக்கிற காலத்தில் கேட்டதே இல்லை, இப்போது என் மகள் வகுப்பிலேயே இரண்டு யாழினி. பத்து வருஷத்தில் ஆதிரைக்கும் அது நடக்கலாம். நடந்தால் எனக்குச் சந்தோஷம்தான்.

அந்த ஐகாரத்தைக் காப்பாற்றத்தான் நாங்கள் படும் பாடு. ஆங்கிலத்தில் கடைசி எழுத்து ஒன்று விட்டுப்போனால் போதும், ஆதிரை ஆதிரா ஆகிவிடுவாள். பள்ளிக்கூடப் பதிவேட்டில் அப்படித்தான் ஒரு வருஷம் முழுக்க இருந்தது. வருகைப் பதிவு எடுக்கும்போது தினமும் எழுந்து நின்று "ஆதிரை, மிஸ்" என்று இவள் திருத்திச் சொல்லிச் சொல்லித்தான் மாற்றினார்கள். யாரையும் குறை சொல்லவில்லை, கேட்டுப் பழகாத பெயருக்கு அது நடக்கும். அதனால்தான் அச்சில் வருவது சரியாக இருக்க வேண்டும் என்று கேட்கிறேன்.

அடுத்த இதழில் ஒரு ஓரத்திலாவது 'ஆதிரை: திருவாதிரை நட்சத்திரம்; மணிமேகலைக்கு முதல் பிச்சை இட்டவள்' என்று திருத்தம் போடுங்கள். பழைய பட்டியலை அவள் கத்தரித்துத் தன் நோட்டில் ஒட்டி வைத்திருக்கிறாள், அதன் மேலேயே இதை ஒட்டிக்கொள்வாள்.

இப்படிக்கு,
ஆதிரையின் அம்மா