ஆறு கிழமை: மச்சானுக்கு ஒரு கடிதம்

மச்சான்,

நேற்றிரவு நீ போன் எடுத்து, உன் மனிசிக்கு, எங்கட தங்கச்சிக்கு, கருப்பை எடுக்கிற ஒப்பரேசனுக்குத் திகதி குடுத்திட்டினம், வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கல் முடிந்த மற்றக் கிழமை என்று சொன்னாய். "ஒரு கிழமை லீவு போட்டால் காணும்தானே அத்தான்?" என்றும் கேட்டாய். நான் ஓம் என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டேன். பிறகு படுத்தால் நித்திரை வரவில்லை. காணாது மச்சான். ஒரு கிழமை காணவே காணாது, ஆறு கிழமை வேண்டும். அதைப் போனில் சொல்லி முடிக்க ஏலாது என்றுதான் எழுதுகிறேன். எல்லாரும் பார்க்கிற இடத்தில் எழுதலாமா என்று உன் அக்காவிடம் கேட்டேன். "எழுதுங்கோ, உங்கட ஆக்களுக்கு இதை ஆர் சொல்லிக் குடுத்தது?" என்றாள்.

உன் அக்காவுக்குத் தை மாதக் கடைசியில் கருப்பையை எடுத்தார்கள். கட்டிதான், புற்றுநோய் இல்லை, ஃபைப்ரொயிட் என்று சொல்லுவார்கள். இரண்டு வருசமாக ஒவ்வொரு மாதமும் இரத்தம் போய்ப் போய், படலை வரைக்கும் நடந்தாலே இளைக்கிற நிலைமைக்கு வந்திருந்தாள். அதையும் நான் கவனிக்கவில்லை. வெயில், வேலை கூட என்று நினைத்தேன். தங்கச்சிக்கும் இப்போது இரும்புச்சத்து மாத்திரை தந்திருப்பார்கள். அதைத் தேத்தண்ணியோடு போடவிடாதே. தேயிலைச் சாயம் இரும்புச்சத்தை உடம்பில் சேரவிடாது. உன் அக்கா மாதக்கணக்காக விடியப்புறத் தேத்தண்ணியோடுதான் அந்த மாத்திரையை விழுங்கிக்கொண்டிருந்தாள். கிளினிக்கில் ஒரு மிஸ்ஸி, நேர்ஸ்தான், தற்செயலாகக் கேட்டபோதுதான் தெரிந்தது. தேசிக்காய்த் தண்ணியோடு குடுக்கச் சொன்னார்.

இன்னொன்றும் இருக்கிறது. தங்கச்சியின் தோளுக்குள் கிடக்கிற எறிகணைச் செல் துண்டைப் பற்றி டொக்டரிடம் கட்டாயம் சொல்லுங்கோ. எங்கட ஆக்கள் அதைச் சொல்ல மறந்துவிடுவார்கள், உடம்போடு உடம்பாகப் போய்விட்டது. ஆனால் எம்.ஆர்.ஐ. ஸ்கான் காந்தத்தால் வேலை செய்கிறது, உள்ளே இரும்பு கிடந்தால் ஆபத்து. கேட்டால் சொல்லலாம் என்று இருக்காமல் நீயே முதலில் சொல்.

உன் அக்கா ஏன் இரண்டு வருசம் பேசாமல் இருந்தாள் என்று உனக்குத் தெரியும். 2009 இல் சண்டை முடிகிற காலத்தில் புதுமாத்தளனில், பள்ளிக்கூடத்தில் நடந்த அந்த ஆஸ்பத்திரியின் வாசலில், மாமாவைப் பாயில் கிடத்தி வைத்துக்கொண்டு நின்றவர்கள் நீயும் அவளும்தான். அதற்குப் பிறகு ஒப்பரேசன் என்றால் அவளுக்கு அந்த இடம்தான். ஆஸ்பத்திரிக்குப் போகிற அன்று ஓட்டோவில் என் கையை விடவே இல்லை. தங்கச்சிக்கும் அப்படி ஏதாவது மனதுக்குள் இருக்கும். கேட்டுப் பார். அவ சொல்லாவிட்டால் விடு, ஆனால் தியேட்டர் வாசல் வரைக்கும் கூடப் போ.

வார்ட்டில் அடுத்த நாளே எழுப்பி நடக்கவிடுவார்கள். பார்க்க எனக்குக் கோபம்தான் வந்தது. நடக்காமல் கிடந்தால் காலில் இரத்தம் கட்டிப்போகும், அது நெஞ்சுக்கு ஏறினால் உயிருக்கே ஆபத்து என்று மிஸ்ஸி விளங்கப்படுத்திய பிறகு நானே கையைப் பிடித்து நடக்க வைத்தேன். இருமும்போதும் தும்மும்போதும் ஒரு தலகணியை வயிற்றோடு சேர்த்து அமத்திப் பிடிக்கச் சொன்னார்கள். அப்போது தையல் இழுபடாது. வீட்டிலிருந்து கொண்டு போன பழைய பஞ்சுத் தலகணி அது, நீலப் பூப்போட்ட உறை.

அந்தத் தலகணியின் அருமை திரும்பி வருகிறபோதுதான் தெரிந்தது. பரந்தனில் திரும்பி முல்லைத்தீவு ரோட்டில் வரும்வரைக்கும் ஒன்றும் தெரியவில்லை. எங்கட கிரவல் ஒழுங்கை இரண்டு கிலோமீற்றர்தான், மாரிக்குப் பிறகு அது என்ன கோலத்தில் கிடக்கும் என்று நீ கண்டிருக்கிறாய். ஒவ்வொரு கிடங்குக்கும் அவள் கண்ணை மூடிக்கொண்டு தலகணியை இரண்டு கையாலும் வயிற்றில் அமத்தினாள். நான் அவளுடைய கைக்கு மேலே என்னுடைய கையை வைத்து அமத்தினேன். ஓட்டோக்காரத் தம்பி நடக்கிற வேகத்தில்தான் ஓட்டினான், காசும் கூட வாங்கவில்லை. ஒட்டுசுட்டானில் உன் வீட்டு ஒழுங்கையும் அப்படித்தான். முதல் நாளே இரண்டு மூன்று கிடங்கையாவது மண் போட்டு நிரப்பிவிடு.

வீட்டில் முதலில் இடித்த விசயம் கக்கூஸ். எங்களிடம் இருப்பது குந்துகிறது. வயிற்றில் காயத்தோடு குந்தி எழும்ப ஏலாது, அவள் சாப்பாட்டைக் குறைத்து அடக்கத் தொடங்கினாள். மூன்றாம் நாள்தான் எனக்கு விளங்கியது. பக்கத்து வீட்டு ஆச்சி பாவித்த கொமேட் கதிரை கொட்டிலில் கிடந்தது, கழுவி வாங்கி வந்தேன். நீ அதை இப்பவே தேடி எடுத்து வை. பப்பாசிப்பழம், நிறையத் தண்ணி, மலம் இறுகவே விடக்கூடாது. முக்கினால் தையலுக்குத்தான் கேடு.

சாப்பாட்டில் மாமியோடு கொஞ்சம் முரண்பட்டேன், பிழையாக நினைக்காதே. உன் அம்மா வந்து நின்ற பத்து நாளும் எங்களுக்குப் பெரிய உதவி, அதை மறக்கமாட்டேன். ஆனால் முட்டை கிரந்தி, இறால் கிரந்தி, கத்தரிக்காய் புண்ணுக்குக் கூடாது என்று கடைசியில் கஞ்சியும் பருப்புமாக வந்து நின்றது. டொக்டர் துண்டில் எழுதியதோ முட்டை, மீன், கீரை, பழம். காயம் ஆற உடம்புக்குச் சத்து வேண்டும். நான் குளத்து விரால் வாங்கிவந்து குடுத்தேன், விரால் என்றதும் மாமி ஒன்றும் சொல்லவில்லை, அவவே சரக்கு அரைத்துக் காய்ச்சினா. முருங்கையிலை வறையும் சேர்ந்தது. முட்டைக்கு மட்டும் நாலு நாள் பிடித்தது.

இனித்தான் உனக்குச் சொல்ல வந்த விசயம்.

மாமி போன பிறகு, மூன்றாம் கிழமை, வயலில் வெட்டு. அந்த நெல்லு வெட்டுகிற மெசின் எப்படி என்று உனக்குத் தெரியும், எங்கட முறை வரும்போது நிற்காவிட்டால் அடுத்த வாய்க்காலுக்குப் போய்விடும், பிறகு மழை வந்தால் நெல் நிலத்தில். காலமை போனேன், மத்தியானம் வந்துவிடுவேன், நீ படு, ஒன்றையும் தொடாதே என்று சொல்லிவிட்டுத்தான் போனேன். மெசின் வந்ததே இரண்டு மணிக்கு. அன்றைக்குக் கரண்டும் இல்லை, மோட்டர் போட ஏலாது, தாங்கியில் தண்ணீர் முடிந்துவிட்டது. பிள்ளைகள் பள்ளிக்கூடத்தால் வந்து வியர்த்துப்போய் நிற்கிறார்கள், வீட்டில் குடிக்கக்கூடத் தண்ணி இல்லை. உன் அக்கா கிணற்றடிக்குப் போய்க் கப்பியில் நாலு வாளி இழுத்திருக்கிறாள். அவ்வளவுதான். நாலு வாளி.

மகள்தான் போன் எடுத்தாள். "அப்பா, அம்மாவுக்கு இரத்தம் போகுது." நெல்லை அப்படியே வரம்பில் விட்டுவிட்டு ஓடினேன். 1990 க்கு அடித்தோம், அம்புலன்ஸ் வந்தது. அந்த நம்பரைச் சுவரில் பெரிதாக எழுதி வை, காசு இல்லை, பிள்ளைகளும் அடிக்கலாம். ஆஸ்பத்திரியில் ஸ்கான் பண்ணிப் பார்த்து உள்ளே பெரிதாக ஒரு பிழையும் இல்லை என்றார்கள், இரண்டு நாள் வைத்திருந்து விட்டார்கள். அந்த டொக்டர் பிள்ளை, உன்னுடைய வயது கூட இருக்காது, என்னைப் பார்த்து ஒரே ஒரு கேள்விதான் கேட்டா: "வீட்டில தண்ணி அள்ள வேற ஆக்கள் இல்லையா?"

இருந்தது மச்சான். நான் இருந்தேன். முதல் நாள் இரவு அரை மணித்தியாலம் நின்று இரண்டு தண்ணிப் பரலையும் நிரப்பி வைத்திருந்தால் அவள் கிணற்றடிக்குப் போயிருக்கமாட்டாள். நான் செய்தது எல்லாம் "படு, படு" என்று சொன்னதுதான். வெறும் பானையும் பசித்த பிள்ளையும் கண் முன்னால் நிற்க, எந்தப் பெண் படுப்பாள்? உன் அக்கா படுக்கமாட்டாள். தங்கச்சியும் படுக்கமாட்டா, அவவையும் எனக்குத் தெரியும்.

அதற்குப் பிறகு படு என்ற சொல்லையே விட்டேன். இரவில் தண்ணி நிரப்பினேன். தேங்காய் இரண்டு பாதியைத் திருவி வைத்துவிட்டுத்தான் வயலுக்குப் போனேன், ஏனென்றால் திருவலையில் இருந்து குனிகிறதுதான் அவளுக்கு ஆகக் கூட நொந்தது. கொடிக்கயிற்றை நெஞ்சளவுக்கு இறக்கிக் கட்டினேன். மகனின் வெள்ளைச் சட்டையை நானே தோய்த்தேன், கழுத்துப் பட்டியைப் பிரஷ்ஷால் தேய்க்க வேண்டும் என்று அவள் கட்டிலில் இருந்து சொல்லித் தந்தாள். சிலபேர் கேட்டார்கள், கிணற்று வாளிக் கயிற்றைக் கழற்றி ஒளித்து வைக்கலாமே என்று. கழற்றினால் அவள் பக்கத்து வீட்டுக்குப் போய் அள்ளுவாள். பரல் நிறைந்திருந்தால் அவள் கயிற்றைத் தேடவே மாட்டாள்.

மாடு ஒன்றுதான் என்னால் முடியாமல் கிடந்தது. சிவப்பி அவளின் கைக்கு மட்டும்தான் பால் சொரியும். கன்றை ஊட்டவிட்டு நான் போய் இருந்தால் பாலை அடக்கிவிடும், காலைத் தூக்கும். நேரத்துக்கு ஐந்து போத்தல் தருகிற மாடு ஒன்றரைக்கு வந்தது. உன் அக்கா யன்னலால் பார்த்துக்கொண்டு, "மடி கட்டப்போகுது, நான் ஒருக்கா வாறன்" என்று எழும்புவாள், நான் மறிப்பேன். கடைசியில் பக்கத்து வீட்டு ஆச்சிதான் சொன்னா: அவளின்ர தோய்க்காத சோட்டி, வீட்டில போடுற சட்டை, ஒன்றைத் தோளில் போட்டுக்கொண்டு போ. போனேன். சிவப்பி கழுத்தைத் திருப்பி அந்தச் சோட்டியை மணந்தது, இரண்டு தரம் மணந்தது, பிறகு வைக்கோலுக்கு வாயைக் கொண்டு போனது. முலையைப் பிடித்தேன். வெறும் வாளியின் அடியில் முதல் பால் விழுகிற சத்தம் இருக்கிறதே, தகரத்தில் கல் எறிந்த மாதிரி, பிறகு நுரை கட்டக் கட்ட அது மெத்தென்று வரும். திரும்பிப் பார்த்தேன், யன்னலில் அவள் இல்லை. பயந்துபோய் உள்ளே போனால் சுவர்ப்பக்கம் திரும்பி நல்ல நித்திரை. ஒப்பரேசனுக்குப் பிறகு பகலில் அவள் நித்திரை கொண்டதை அன்றைக்குத்தான் கண்டேன்.

பார்க்க வருகிற ஆக்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். வருவார்கள், எங்கட சனம் அப்படித்தான், வராவிட்டால்தான் கவலை. நெஸ்ரமோல்ற், மாறி பிஸ்கற், அப்பிள் எல்லாம் கொண்டு வருவார்கள். ஆனால் ஆள் வந்தால் அவள் குசினிக்கு எழும்புவாள். ஆகவே போத்தலில் தேத்தண்ணி ஊற்றி வை, நீயே குடு. வந்தவர்களில் ஒருத்தி "இனியென்ன, உள்ளுக்கை வெறுமை" என்று சொல்லிவிட்டுப் போனாள். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. ஆனால் அன்றிரவு உன் அக்கா அழுதாள். இரண்டு பிள்ளைகள் காணும் என்று எப்பவோ முடிவெடுத்தவள்தான், என்றாலும் அழுதாள். நான் ஒன்றும் சொல்லவில்லை, என்ன சொல்வது என்று தெரியவில்லை, லைற்றை நூர்த்துவிட்டுப் பக்கத்தில் இருந்தேன். தங்கச்சியும் ஒருநாள் அழுவா. ஏன் அழுகிறாய் என்று குறுக்கு விசாரணை செய்யாதே.

மற்றது, யாரும் உனக்கு வாய்விட்டுச் சொல்லமாட்டார்கள், நான் சொல்கிறேன்: புருசன் பெண்சாதி விசயமும் ஆறு கிழமைக்கு இல்லை. கிளினிக்கில் காயத்தைப் பார்த்து டொக்டர் சரி என்ற பிறகுதான், அதுவும் அவவுக்கு மனம் வந்தால். சூலகத்தையும் எடுக்கிறார்களா, விடுகிறார்களா என்று முதலே கேள். எடுத்தால் திடீரென்று உடம்பு கொதிக்கும், வியர்க்கும், எரிச்சல் வரும். அது அவவின் குணம் மாறிப்போனதல்ல. காய்ச்சல், நாற்றமான கழிவு, இரத்தம் கூடப் போவது, ஒரு கால் கெண்டை வீங்கி நோவது, மூச்சு முட்டுவது, இதில் எது வந்தாலும் விடியட்டும் என்று பார்க்காதே.

கச்சான் தோட்டத்தை நினைத்து நீ யோசிப்பாய். நான் வந்து பார்க்கிறேன். லீவை ஆறு கிழமைக்குக் கேள், தராவிட்டால் மூன்று கிழமைக்குக் கேள், மிச்சத்துக்கு உன் அக்கா வந்து நிற்கிறேன் என்கிறாள். இப்போது அவளுக்கு ஒப்பரேசன் முடிந்து மூன்று மாதம் தாண்டிவிட்டது, சிவப்பியிடம் அவளே போகிறாள்.

சனிக்கிழமை முதல் பஸ்ஸில் இரண்டு பேரும் வருகிறோம். மாட்டை மகன் பார்ப்பான், அவனுக்கும் இப்போது பால் சொரிகிறது. அந்த நீலப் பூத் தலகணியின் பஞ்சைப் பிரித்து வெயிலில் போட்டு, உறையைத் தோய்த்து, உன் அக்கா நேற்றே தைத்து வைத்துவிட்டாள். தங்கச்சிக்குக் கொண்டு வருகிறோம்.

அன்புடன்,
அத்தான்