உச்சிவெயிலில் யூரியா

ஆசிரியருக்கு,

வணக்கம். தங்கள் வேளாண் பக்கத்தில் குறுவை நெல் பருவத்துக்கான மேலுர (நட்ட பின் இடும் உர) அட்டவணை பார்த்தேன். ஏக்கருக்கு எத்தனை கிலோ, நட்ட எத்தனையாவது நாள் என்பதெல்லாம் தெளிவாக இருக்கிறது. எந்த வேளையில் இடுவது, வெயில் எப்படி இருக்க வேண்டும் என்று ஒரு வரிகூட இல்லை. யூரியா தரும் தழைச்சத்துக்கு (நைட்ரஜனுக்கு) அதுதானே பாதிக் கணக்கு!

சென்ற ஜூலையில், ஆள் கிடைத்த நேரம் அதுதான் என்று ஒரு வயலில் நண்பகலில் யூரியா விசிறினோம். கணுக்கால் தண்ணீர், கால் வைத்தால் சுட்டது. மேலே பாசி படர்ந்திருந்தது. பக்கத்து வயலில் மறுநாள் மாலை, தண்ணீரை வடித்துவிட்டு இட்டோம். ஒரே நாற்று, ஒரே அளவு உரம். பத்தாம் நாள் இலையின் பச்சையை ஒப்பிட்டுத் தழைச்சத்தைக் கணிக்கும் இலை வண்ண அட்டையை வைத்துப் பார்த்தால், நண்பகலில் இட்ட வயலின் இலை வெளிறியே நின்றது.

காரணம் மண்ணிலும் நீரிலும் இருக்கிறது. யூரியாவை அம்மோனியமாக மாற்றும் நொதி, சூடு ஏற ஏற வேகமாக வேலை செய்கிறது. பகலில் பாசி நீரிலுள்ள கரியமில வாயுவை இழுத்துக்கொள்வதால் நீரின் காரத்தன்மை ஏறுகிறது. காரமும் சூடும் சேர்ந்தால் அம்மோனியம் வாயுவாகிக் காற்றோடு போய்விடும். 45 கிலோ மூட்டையில் தழைச்சத்து சுமார் 20 கிலோ. அதில் பாதிகூடப் பயிருக்குச் சேராமல் போவதுண்டு. 2015இல் கட்டாயமாக்கிய வேப்பெண்ணெய் பூச்சு நல்லதுதான். ஆனால் அது முக்கியமாகத் தடுப்பது அம்மோனியமானது நைட்ரேட்டாக மாறுவதை, வாயுவாகிப் போவதை அல்ல.

குறுவைக்கு அடுத்து வரும் சம்பா பருவத்தில் நேர்மாறு. மார்கழிப் பனியில் மண் குளிர்ந்து நுண்ணுயிர்கள் மந்தமாகின்றன. மட்கிலிருந்து வரும் தழைச்சத்தும் குறைகிறது. பயிர் மஞ்சளித்ததும் பதறிப்போய் இன்னொரு மூட்டையைக் கொட்டுகிறோம். குளிரும் மிகுந்த தழைச்சத்தும் சேர்ந்தால் குலைநோய் என்ற பூஞ்சை நோய்க்கு அதைவிட வேறென்ன வேண்டும்?

சம்பா அட்டவணை வெளியிடும்போதாவது, தண்ணீரை வடித்துவிட்டு மாலையில் இடச் சொல்லுங்கள். யூரியா, ஜிப்சம், வேப்பம்புண்ணாக்கு மூன்றையும் 5:4:1 என்று கலந்து ஓரிரவு வைத்திருந்து இடும் முறையையும் சேர்த்து அச்சிடுங்கள். அந்தப் பக்கத்தைக் கத்தரித்து உரச்சாக்கோடு வைத்துக்கொள்பவர்கள் எங்கள் ஊரில் பலர் இருக்கிறார்கள்.

இப்படிக்கு,
ஒரு நெல் விவசாயி,
மன்னார்குடி வட்டம்