டைட்டனின் நீல வானம்

அன்புள்ள கணேசா,

உன் கடிதம் போன மாதமே வந்துவிட்டது. வலது கண்ணில் புரை எடுத்து லென்ஸ் வைத்தார்கள். கொஞ்ச நாள் கண்ணுக்கு வேலை கொடுக்காதே என்று வீட்டில் எல்லோரும் கண்டிப்பாக இருந்ததால்தான் பதில் தாமதம். இப்போது நன்றாக இருக்கிறேன். இடது கண்ணுக்குப் பழுப்பேறித் தெரிகிற சுவர் வலது கண்ணுக்கு வெள்ளை வெளேரென்று இருக்கிறது. நீலம்தான் எப்படித் துலங்குகிறது என்கிறாய்!

அந்த நீலத்துக்காகவே அமெரிக்க விண்வெளி ஓவியர் செஸ்லி போனஸ்டெல் வரைந்த படத்தைத் தேடி எடுத்தேன். சனியின் துணைக்கோளான டைட்டனில் நின்று பார்த்தால் சனி எப்படி இருக்கும் என்ற படம். 1944இல் லைஃப் பத்திரிகையில் வந்தது. பனி போர்த்திய பாறைகளுக்கு நடுவே, நீல வானத்தில், பிறையாகச் சனி. வளையம் ஒரு கோடு மாதிரிதான் இருக்கிறது. டைட்டன் ஏறக்குறைய வளையத்தின் தளத்திலேயே சுற்றுவதால் அங்கிருந்து அப்படித்தான் இருக்க வேண்டும். நம் நிலாவைப்போல் சுமார் 11 மடங்கு அகலத்தில் சனி தெரியும் தூரம் அது. கட்டட வரைபடமும் சினிமாவுக்குப் பின்னணி ஓவியமும் பழகிய கை என்பதால் கோணத்தையும் அளவையும் கணக்குப் போட்டுத்தான் தூரிகையைத் தொட்டிருக்கிறார். 17 வயதில், 1905இல், கலிஃபோர்னியாவின் லிக் வானாய்வகத்தில் சனியை நேரில் பார்த்துவிட்டு வந்து வரைந்த முதல் படம் மறு வருடமே சான் பிரான்சிஸ்கோ பூகம்பத் தீயில் போய்விட்டதாம். அதை நினைத்தால் இப்போதும் எனக்கு மனசு கனக்கிறது.

பார்க்காததை வரையலாமா என்று கேட்டிருந்தாய். வகுப்பில் "பார்த்து வரைங்கடா" என்றே சொல்லி வந்தவன் நீ. உன் பேத்தி, ஒளியைக்கூட வெளியே விடாத கருந்துளையை வரைந்து நீட்டியதும் தடுமாறியது நியாயம்தான்.

டைட்டனின் வானம் நீலம் இல்லை. 1980இல் வாயேஜர் 1 விண்கலம் போனபோது ஆரஞ்சுப் புகைமூட்டம்தான் தெரிந்தது. 2005 ஜனவரி 14 அன்று ஹைகன்ஸ் கலம் இறங்கி, அந்த மங்கிய ஒளியில் உருண்டை உருண்டையாகக் கிடந்த பனிக்கட்டிக் கற்களைப் படம் எடுத்து அனுப்பியது. அந்தத் தரையில் நின்றால் கண்ணுக்குச் சனியே தெரியாது. ஆனால் போனஸ்டெல் வரைந்த காலத்தில், அங்கே மீத்தேன் வாயு இருப்பதை வானியலாளர் கைப்பர் அப்போதுதான் கண்டுபிடித்திருந்தார். காற்று இருக்கிறது என்ற ஒரே செய்தியிலிருந்து நீல வானத்துக்குப் போனதை நான் தப்பென்று சொல்லமாட்டேன்.

நிலாவின் மலைகளைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. ஊசி ஊசியாகச் செங்குத்து மலைகளை வரைந்தார். 1957இல் பாஸ்டன் அறிவியல் அருங்காட்சியகத்துக்கு 40 அடி நீளத்தில் அப்படியொரு நிலப்பரப்பையே தீட்டிக் கொடுத்தார். அப்போலோ படங்கள் வந்த பிறகு அதைக் கழற்ற வேண்டியதாயிற்று. அவருக்கு முன்பே பிரான்சில் லூசியன் ருடோ என்ற ஓவியர் நிலாவின் விளிம்பைத் தொலைநோக்கியில் பொறுமையாகப் பார்த்து, மலைகள் தேய்ந்த மேடுகள் என்று கண்டு, அப்படியே வரைந்திருக்கிறார். பார்க்க வாய்ப்பிருந்தும் பார்க்காமல் வரைவதுதான் பிழை கணேசா. பார்க்க வழியே இல்லாத இடத்தில் தெரிந்த கணக்கைப் பிடித்துக்கொண்டு வரையலாம், தாராளமாக வரையலாம்.

பேத்தியிடம் பிரெஞ்சு வானியற்பியலாளர் ஜான்-பியர் லுமினே கதையைச் சொல். 1979இல் கம்ப்யூட்டர் கொடுத்த எண்களை வைத்துக்கொண்டு, இந்தியன் இங்கில் கையாலேயே புள்ளி புள்ளியாக வைத்துக் கருந்துளையை வரைந்தார். அதைச் சுற்றிச் சுழலும் வாயு நம்மை நோக்கி வரும் பக்கம் பிரகாசம், விலகிப் போகும் பக்கம் மங்கல். 2019இல் எம்87 என்ற விண்மீன் மண்டலத்தின் நடுவில் உள்ள கருந்துளையின் நிஜப் படம் வந்தபோது அதிலும் வளையத்தின் ஒரு பக்கம்தான் அதிகம் ஒளிர்ந்தது. அவள் வளையத்தைச் சீராக வரைந்திருந்தால் ஒரு பக்கத்தைக் கொஞ்சம் இருட்டாக்கச் சொல்.

எனக்கும் ஒரு படம் வேண்டும். ஹைகன்ஸ் பார்த்த டைட்டனை, அந்தக் கற்களோடும் புகைமூட்டத்தோடும், வாட்டர்கலரில் வரைந்து அனுப்பு. போனஸ்டெல் படத்துக்குப் பக்கத்தில் மாட்டப்போகிறேன். அடுத்த மாதம் இடது கண்ணுக்கும் ஆபரேஷன். அது முடிந்து அனுப்பினால் போதும். மதினியைக் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
சுந்தரம்