ப்ரீஅல்ஜீப்ராவா அல்ஜீப்ராவான்னு கேட்டியே கண்ணா

கண்ணா,

உன் மெசேஜ் பாத்தேன். போன்ல சொன்னா நீ நடுவுல நடுவுல பேசுவ, அதான் உக்காந்து டைப் பண்றேன், நிதானமா படி. உன் சின்னவன் ஆன்லைன் கணக்கு கிளாஸுக்கு எந்த லெவல்னு பாக்குற ப்ளேஸ்மெண்ட் டெஸ்ட்ல 25க்கு 19 வாங்கிட்டான், நேரா அல்ஜீப்ராவுல, அதாவது x வெச்சுப் போடுற கணக்குல, போட்டுடலாம்னு நீ சொல்ற, வேணாம் அதுக்கு முன்னாடி பின்னம், மைனஸ் நம்பர், சதவீதம்னு வர்ற ப்ரீஅல்ஜீப்ரா முடிக்கட்டும்னு மருமக சொல்றா, கணக்கு டீச்சரா இருந்தவ நீ சொல்லும்மான்னு பந்த என் பக்கம் தள்ளிட்ட. சரி சொல்றேன், ஆனா உனக்கு சாதகமா வரும்னு எதிர்பாக்காத.

மொதல்ல அந்த 19ஐ மறந்துடு. எனக்கு அந்த மிச்சம் ஆறுதான் வேணும். அந்த ஆறும் அவசரத்துல கூட்டல தப்பா போட்டதுன்னா அது ஒரு கதை, கேள்விய சரியா படிக்காம விட்டதுன்னா அது வேற கதை, ஆறுல நாலு பின்னத்துலயும் மைனஸ் நம்பர்லயும் போயிருந்தா அது முழுக்க வேற கதை. மூணுக்கும் மார்க் ஒண்ணுதான், ஆனா கிளாஸ் ஒண்ணு இல்ல. அதே மாதிரி சரியா போட்ட 19லயும் கொஞ்சம் தோண்டிப் பாக்கணும், ஏன்னா சாய்ஸ் குடுத்து டிக் அடிக்கச் சொல்ற டெஸ்ட்ல புத்திசாலிப் பிள்ளைங்க விடைய பின்னாலேருந்து போட்டுப் பாத்து கண்டுபிடிச்சிருவாங்க, உன் பையன் அதுல கெட்டிக்காரன், உன்ன மாதிரியே.

அதனால டெஸ்டுன்னு சொல்லாம சும்மா பேச்சுவாக்குல ஒரு நாலஞ்சு கேள்வி கேளு. 8 + 4 = ஒரு கட்டம் + 5, கட்டத்துல என்ன வரும்? பட்டுனு 12ன்னு சொன்னான்னா சமக்குறிய அவன் இன்னும் "விடை இங்க எழுது"ன்னுதான் படிக்கிறான்னு அர்த்தம், அல்ஜீப்ரா மொத்தமும் அந்த ரெண்டு கோட்டு மேலதான் நிக்குது. 7ன்னு சொன்னா நல்லது. அப்புறம் 5/6 ஐ 1/3 ஆல வகுக்கச் சொல்லு. தலைகீழா போட்டு பெருக்கி ரெண்டரைன்னு சொல்லிடுவான், அதுல சந்தேகமே இல்ல, ஆனா உடனே "ஏன்டா தலைகீழா போட்ட"ன்னு கேளு. "அப்படித்தான் போடணும்"னா அந்தப் பதில குறிச்சு வெச்சுக்கோ. 5/6க்குள்ள எத்தன 1/3 இருக்குன்னுதான கேக்குறாங்க, 1/3ன்னா 2/6, அப்ப ரெண்டு முழுசும் ஒரு பாதியும்னு அவன் வாயாலயே வந்தா என் ஓட்டு உனக்கே விழலாம்.

இன்னொண்ணு. 3x + 5 = 20, x எவ்வளவு? 5ன்னு கண்ண மூடிக்கிட்டு சொல்லுவான். அடுத்து அதையே 21ன்னு மாத்திக் குடு. இப்ப குத்துமதிப்பா போட்டுப் பாத்தா வராது, 16/3 வரணும். அங்க அவன் என்ன செய்றான்னு பாரு, வாயத் தொறக்காம பாரு. ரெண்டு பக்கமும் 5ஐ எடுத்துட்டு 3ஆல வகுக்கிறானா, இல்ல 5.1, 5.2ன்னு போட்டுக்கிட்டே போறானா, இல்ல "கேள்வி தப்பு"ன்னு சொல்லிட்டு எழுந்து போயிடறானா. அது தர்ற தகவல எந்த ப்ளேஸ்மெண்ட் டெஸ்டும் தராது. கடைசியா, ஒரு வெலய 20 சதவீதம் ஏத்தி மறுபடி 20 சதவீதம் கொறச்சா பழைய வெலைக்கே வருமான்னு கேளு. 100, 120, அப்புறம் 96. பழைய இடத்துக்கே வந்துரும்னு சாதிச்சான்னா சதவீதம் எதோட சதவீதம்ங்கிறது இன்னும் பிடிபடலன்னு தெரிஞ்சுக்கலாம்.

இத்தனையும் ஏன் சொல்றேன்னா, ஆன்லைன் கிளாஸ்ல லெவல் பேரு ஒண்ணா இருந்தாலும் உள்ள இருக்குற சரக்கு ஒண்ணா இருக்காது. நீ பாத்துட்டிருக்கிற ஆர்ட் ஆஃப் பிராப்ளம் சால்விங்ங்கிற ஆன்லைன் கணக்குப் பள்ளிக்கூடத்தையே எடுத்துக்கோ, அங்க இன்ட்ரடக்‌ஷன் டு அல்ஜீப்ரான்னு சொல்றது ஏ, பின்னு ரெண்டு கோர்ஸா ஓடும், சாதாரண பள்ளிக்கூட அல்ஜீப்ராவ விட ஆழமா போகும். அவங்க ப்ரீஅல்ஜீப்ராவே வேற எடத்துல அல்ஜீப்ரா முடிச்ச பிள்ளைய தண்ணி குடிக்க வெச்சிரும். அதனால மேல் லெவல்ல லேசான கிளாஸா, கீழ் லெவல்ல கஷ்டமான கிளாஸான்னு வந்தா நான் எப்பவும் ரெண்டாவதுதான் சொல்லுவேன். ஒரே பின்னத்த வெச்சு அவன் இதுவரைக்கும் யோசிக்காத கேள்வி வரணும், புதுப் பேரு உள்ள அத்தியாயம் வர்றது முக்கியம் இல்ல.

அவங்களே நிறைய கோர்ஸுக்கு ரெண்டு டெஸ்ட் வெச்சிருக்காங்க, நீ ஒண்ணத்தான் பாத்திருக்க போல. ஒண்ணு இந்தக் கோர்ஸுக்கு பிள்ள தயாரான்னு பாக்க, இன்னொண்ணு இந்தக் கோர்ஸே அவனுக்குத் தேவையா இல்ல ஏற்கனவே தெரியுமான்னு பாக்க. ப்ரீஅல்ஜீப்ராவுக்கு அந்த ரெண்டாவத எழுதச் சொல்லு, அல்ஜீப்ராவுக்கு மொதலாவத எழுதச் சொல்லு. ரெண்டுலயும் தடுமாறாம வந்தா தைரியமா அல்ஜீப்ரா. ப்ரீஅல்ஜீப்ராவுக்கு எழுதினதுல தடுமாறினா பேச்சே இல்ல ப்ரீஅல்ஜீப்ரா. நீ பக்கத்துல உக்காந்து "நல்லா யோசிச்சுப் பாரு"ன்னு க்ளூ குடுக்காத, டெஸ்ட எழுதறது நீயா அவனான்னு எனக்கு இப்பவே சந்தேகமா இருக்கு.

அப்புறம் யாரும் சொல்லாத ஒரு விஷயம். அந்த லைவ் கிளாஸ்ல வீடியோவும் கிடையாது, டீச்சர் குரலும் கேக்காது, எல்லாம் டைப்பிங்தான், டீச்சர் கேள்விய எழுதுவார் பிள்ளைங்க பதில டைப் பண்ணணும். வேகமா படிக்கிற பிள்ளைக்கு சொர்க்கம், மெதுவா படிக்கிற பிள்ளைக்கு கணக்கு தெரிஞ்சும் தெரியாத மாதிரி ஆயிடும். சின்னவன் வேகமா படிப்பான்தான், ஆனா டைப்பிங்ல ஒரு விரலால தட்டிட்டிருக்கான்னு மருமக சொன்னா. கிளாஸ் நடந்ததோட ட்ரான்ஸ்கிரிப்ட் அப்புறம் படிக்கக் கெடைக்கும், அந்த மட்டுக்கும் நிம்மதி. எழுதி விளக்கச் சொல்ற ஹோம்வொர்க்கும் உண்டு, விடைய மட்டும் போட்டா பத்தாது, ஏன்னு வாக்கியமா எழுதணும், பத்து வயசுப் பையனுக்கு கணக்க விட அதுதான் பெரிய மலை. அந்த மலைய அல்ஜீப்ராவோட சேத்து ஒரே நேரத்துல ஏறச் சொல்லாத.

வளர்ற பிள்ளைன்னு சட்டைய ஒரு சைஸ் பெருசா எடுப்போமே, அந்தக் கணக்கு இங்க செல்லாது. பெரிய சட்டைக்குள்ள பிள்ள வளந்துடும், பெரிய கிளாஸ்ல பிள்ள வாரா வாரம் ராத்திரி ஹோம்வொர்க்க வெச்சு அழும், அப்புறம் எனக்கு கணக்கு வராதுன்னு அவனே முடிவு பண்ணிருவான். அந்த முடிவ மாத்துறது எவ்வளவு கஷ்டம்னு வருஷா வருஷம் பாத்தவ நான். அதுக்காக ரொம்ப லேசான கிளாஸ்லயும் போடாத, அதுவும் ஆபத்துதான், எல்லாமே உடனே வந்துருச்சுன்னா கஷ்டமான கேள்விய பாத்ததும் பயந்துருவான். புதுசா பாக்குற கணக்குல பத்துக்கு ஏழெட்டு தானா போடணும், மிச்சத்துக்கு மண்டைய ஒடச்சுக்கணும், என் கணக்குல அதுதான் சரியான லெவல்.

வயசப் பத்தி ஒரு வார்த்த. பத்து வயசுல அல்ஜீப்ரான்னு சொல்லிக்க நல்லாத்தான் இருக்கும், எனக்கும்தான் பேரனப் பத்தி பெருமையடிக்க ஆச. ஆனா பள்ளிக்கூடத்துக்கு அனுப்பாம ஹோம்ஸ்கூல்னு வீட்டுலயே படிக்க வெச்சதே யாரோட வேகத்துக்கும் ஓட வேணாம்னுதான, இப்ப நீயே விசில் ஊதினா எப்படி. மேல போறது மட்டும் முன்னேத்தம் இல்ல, பக்கவாட்டுலயும் போகலாம். அல்ஜீப்ரா ஏ முடிஞ்சதும் ஜியாமெட்ரிக்கு ஓடாம கவுண்டிங் அண்ட் ப்ராபபிலிட்டி, நம்பர் தியரின்னு ரெண்டு கோர்ஸ் இருக்கு, பெரும்பாலான பள்ளிக்கூடத்துல அத தனியா சொல்லித் தர்றதே இல்ல, அவனுக்கு அது ரொம்பப் பிடிக்கும்னு தோணுது.

கிளாஸ் ஆரம்பிக்க இன்னும் நாள் இருக்குல்ல, அதுக்குள்ள அவங்களோட பயிற்சித் தளமான அல்குமஸ்ல ப்ரீஅல்ஜீப்ரா கணக்கு போடட்டும், அது ஃப்ரீ, அவன் போடப் போட கேள்வியும் கஷ்டமாகும். பின்னத்துல மட்டும்தான் ஓட்டைன்னு தெரிஞ்சா கோர்ஸே எடுக்காம கான் அகாடமிங்கிற இன்னொரு வெப்சைட்ல அந்த யூனிட்ட மட்டும் போட்டு முடிச்சுட்டு வரலாம், அதுவும் ஃப்ரீதான். பணம் கட்டறதுக்கு முன்னாடி எத்தனாவது கிளாஸ் வரைக்கும் லெவல் மாத்தலாம், எத்தனாவது வரைக்கும் பணம் திருப்பித் தருவாங்கன்னு படிச்சு காலண்டர்ல குறிச்சுக்கோ. சீட் ஃபுல் ஆயிரும்னு அவசரப்படாத, இந்த பேட்ச் போனா அடுத்த பேட்ச். நேரமும் பாரு, அவன் மூள முழிச்சிருக்கிற நேரத்துல இருக்கணும், உனக்கு வசதியான நேரம்னு ராத்திரி பேட்ச்ல தள்ளாத.

இப்ப உள்ள நெலமைல என் ஓட்டு ப்ரீஅல்ஜீப்ரா. தினம் பக்கத்துல உக்காந்து சொல்லிக் குடுக்கிறவ மருமக, அவ பாக்குறத நீ ஆபீஸ்லேருந்து வந்து பாக்க முடியாது, அதனால அவ பேச்சுக்கு கொஞ்சம் எடை கூடுதலா போடு. பையன்கிட்ட "உனக்கு பத்தல அதான் கீழ போடுறோம்"னு மட்டும் சொல்லிடாத. இந்தக் கிளாஸ்ல கஷ்டமான கணக்கு வரும், ரெடியான்னு கேளு, அது பொய்யும் இல்ல.

அந்த ஆறு கேள்வியோட போட்டோவும் அவன் கிறுக்கின ரஃப் ஷீட்டும் அனுப்பு. அடிச்சு வெச்சது, கோடு போட்டு விட்டது எல்லாத்தையும் அப்படியே எடு, நீட்டா திருப்பி எழுத வெச்சு அனுப்பாத. பாத்துட்டு மனசு மாறுச்சுன்னா சொல்றேன்.

அம்மா