அமரம் கூர்தான்: வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

களியக்காவிளையில் நம் பட்டறையில் செய்யும் ‘சுஹைலி’ என்ற பாய்மரப் படகின் இரண்டடி மர மாதிரியைப் பற்றி இரண்டு வாரமாக வாட்ஸ்அப்பில் ஒரு குரல் பதிவு சுற்றுகிறது. உங்களில் பலருக்கும் வந்திருக்கும். “நாட்டு வள்ளத்தைச் செய்து யாட் (உல்லாசப் பாய்மரப் படகு) என்று விற்கிறார்கள், அமரமும் (பின்முனை) அணியம் (முன்முனை) போலவே கூராக இருக்கிறது” என்கிறார் பேசுபவர். விலை அதிகம் என்று சொல்லியிருந்தால் பேசாமல் இருந்திருப்பேன். வேலை தெரியாதவர்கள் என்றதைத்தான் பொறுக்க முடியவில்லை.

சுஹைலியின் அமரம் கூர்தான். புயலில் மாட்டும் மீனவர்களைக் காப்பாற்ற நார்வேயில் காலின் ஆர்ச்சர் 1890களில் வரைந்த மீட்புப் படகுகளுக்கு இரண்டு முனையும் கூர். பின்னால் துரத்தி வரும் அலை, தட்டையான அமரத்தில் அறைந்தால் படகைக் குறுக்கே திருப்பிவிடப் பார்க்கும்; கூரான அமரத்தில் இரண்டாகப் பிரிந்து போகும். அந்த வடிவத்தை 1920களில் அமெரிக்காவின் வில்லியம் அட்கின் 32 அடிக்குச் சுருக்கி ‘எரிக்’ என்று வரைந்தார். அதைப் பார்த்து பம்பாயில் நம் நாட்டு ஆசாரிமார் வாய்ச்சி (மரம் செதுக்கும் கருவி) பிடித்துத் தேக்கில் கட்டி, 1964இல் கடலில் இறக்கியதுதான் சுஹைலி. 1968 ஜூனில் இங்கிலாந்தின் ஃபால்மத்திலிருந்து ராபின் நாக்ஸ்-ஜான்ஸ்டன் என்ற மாலுமி தனியாளாகப் புறப்பட்டு, எந்தத் துறைமுகத்திலும் நிற்காமல் உலகைச் சுற்றி, 312 நாளில் திரும்பியது இதில்தான். நிற்காமல் தனியாளாக உலகைச் சுற்றும் அந்தப் போட்டிக்குக் கிளம்பிய ஒன்பது பேரில் முடித்தவர் அவர் ஒருவரே.

“குண்டாக இருக்கிறது” என்றும் அந்தக் குரல் பதிவில் வருகிறது. அசலின் அகலமே 11 அடி. இரண்டடி மாதிரியில் எட்டேகால் அங்குலம் வரத்தான் செய்யும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அமரத்தைத் தட்டையாக அறுத்து ஒரு பலகையை ஒட்டியிருந்தால் எங்களுக்கு இரண்டு நாள் வேலை மிச்சம். கூராக வர, ஒவ்வொரு பட்டிகையையும் (மெல்லிய மரப் பட்டை) வெந்நீரில் ஊறவைத்து, விரலால் கொஞ்சம் கொஞ்சமாக வளைத்து, வங்கில் (படகின் விலா எலும்பு போன்ற சட்டம்) கட்டி, ராத்திரி முழுக்கக் காயவிட வேண்டும். ஒன்று விண்டால் அந்த வரிசையே போச்சு.

கொரோனா நேரத்தில் முன்பணம் தந்து மாதக்கணக்கில் பொறுத்திருந்தவர்களையும், பாறசாலையிலிருந்தும் நாகர்கோவிலிலிருந்தும் ஆள் கூட்டி வந்தவர்களையும் மறக்க மாட்டோம். இந்தப் பதிவு வந்த அன்றே போன் செய்து “நீங்க வேலையைப் பாருங்க” என்றவர்களுக்கு மனமார்ந்த நன்றி.

மூத்த ஆசாரி வளைகுடாவுக்குப் போய்விட்டதால் டெலிவரிக்கு ஆறு வாரத்துக்குப் பதில் மூன்று மாதம் ஆகும். அடுத்த மாதம் முதல் விலை 7,800 ரூபாய்.

சந்தேகம் உள்ளவர்கள் பட்டறைக்கு வாருங்கள். எரிக் வரைபடம் சுவரில்தான் ஒட்டியிருக்கிறது. அடிக்கோலும் தருகிறேன், அளந்து பாருங்கள்.

இப்படிக்கு,
பட்டறை உரிமையாளர்