பாப்பாவுக்கு, அந்த டாக்டர் லெட்டர் விஷயமா

பாப்பா, சாப்டியா. உன் போன் வந்து இன்னையோட 19 நாள் ஆச்சு, அம்மாகிட்ட நீ பிசின்னு சொல்லி வச்சிருக்கேன். வேலை இருக்கும், தெரியும், இருந்தாலும் ஒரு மெசேஜ் போட எவ்ளோ நேரம் ஆவும் சொல்லு.

உன் லண்டன் விசா நவம்பர்ல முடியுது, மறந்துராதே. முடியறதுக்கு முன்னாடியே எக்ஸ்டென்ஷன் போட்டுரு. எத்தனை வருஷம்னு நாமளே கேட்டுக்கலாம், அஞ்சு வரைக்கும்னு நீதான் சொன்னே, ரெண்டு வருஷம்னா ஃபீஸு, அந்த ஊர் வைத்தியத்துக்குன்னு வாங்கற ஹெல்த் சர்சார்ஜ் எல்லாம் சேத்து நம்ம காசுக்கு மூணு லட்சத்துக்கு மேல. வாழைத்தார் வித்த பணம் பேங்க்ல சும்மாதான் கெடக்குது, அனுப்பட்டுமா. சம்பள ஸ்லிப்பெல்லாம் எடுத்து வை, உன் துறையிலதான் சம்பாதிச்சேன்னு காட்டணுமே.

போட்டுட்டா முடிவு வர்ற வரைக்கும் எங்கயும் கெளம்பிராதே. எட்டு வாரம் ஆவலாமாம். அதுக்குள்ள வெளிய வந்தா அப்ளிகேஷனை வாபஸ் வாங்குனதா எடுத்துக்குவாங்களாம், அயர்லாந்து மாதிரி ஒண்ணு ரெண்டு எடம் போனா மட்டும் பரவாயில்லையாம், அங்க நமக்கு யாரு இருக்கா. பாரியூர் கோயில் குண்டம் திருவிழாவுக்கு வரேன்னு அம்மாகிட்ட வாய் குடுத்துராதே, முதல்ல முடிவு வரட்டும்.

டீக்கடையில எத்தனை பேருக்கு டேலன்ட் விசான்னா என்னன்னு விளக்கியிருப்பேன். கம்பெனி ஸ்பான்சர் பண்ணுனது இல்லைங்க, புள்ளையோட தெறமையைப் பாத்துக் குடுத்தது, எந்தக் கம்பெனிக்கு வேணா மாறிக்கலாம், அஞ்சு வருஷம் காத்திருக்க வேண்டாம் மூணே வருஷத்துல செட்டில்மென்ட், அதாவது அங்கயே நிரந்தரமா இருக்க அனுமதின்னு. இப்ப "மூணு ஆச்சே, வாங்கிட்டாளா"ங்கறாங்க. நீயாவது ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நானும் ஒரு பதில் சொல்லியிருப்பேன். 2025 மே மாசம் அந்த ஊர் கவர்மென்ட் செட்டில்மென்ட்டுக்குப் பொதுவா பத்து வருஷம் ஆக்கப்போறோம்னு அறிவிச்சதைப் பேப்பர்ல படிச்சதுலருந்து எனக்குத் தூக்கமே இல்ல. அதனால சொல்றேன், எக்ஸ்டென்ஷனைத் தள்ளிப் போடாதே, எங்கயும் கெளம்பிராதே.

அப்புறம் நீ கேட்ட அம்மாவோட டாக்டர் லெட்டர். டாக்டர் ஊர்ல இல்ல, ரெக்கார்ட் ரூம் பூட்டியிருக்குன்னு ரெண்டு மாசமா சொல்லிட்டிருந்தேன். டிஸ்சார்ஜ் பேப்பர் நம்ம பீரோவுலயேதான் இருக்கு பாப்பா.

பழைய காலண்டரை எடுத்து எண்ணிப் பாத்தேன். அம்மாவுக்கு முடியலைன்னு மார்ச் 9 அங்கருந்து கெளம்புனே, அக்டோபர் 2 திரும்பப் போய்ச் சேர்ந்தே, அந்த ரெண்டு நாளையும் கழிச்சா 206 நாள். செட்டில்மென்ட் கணக்குக்கு பன்னெண்டு மாசத்துல 180 நாள்தான் அந்த ஊரை விட்டு வெளிய இருக்கலாம். ஆகஸ்ட் 31க்கு டிக்கெட் பாத்தே, அன்னைக்குப் போயிருந்தா கிட்டத்தட்ட 175ல முடிஞ்சிருக்கும். பிள்ளையார் சதுர்த்தி கழிச்சுப் போன்னேன், அப்புறம் புரட்டாசி முதல் சனி கழிச்சுன்னேன், டாக்டர் இன்னும் பயப்படறார் அம்மாவை விட்டுட்டுப் போவாதேன்னேன். டாக்டர் அப்படிச் சொல்லவே இல்ல. அம்மாவுக்கு ஸ்டென்ட் வச்சு ஆறாம் நாளு வீட்டுக்கு அனுப்பிட்டாங்க, மே மாச செக்கப்ல எல்லாம் நார்மல், வீட்டு வேலை செய்யலாம்னு எழுதியே குடுத்தார், அந்தச் சீட்டை நான் உனக்கும் காட்டல, அவளுக்கும் காட்டல.

உசுருக்கு ஆபத்தா இருந்தா அந்த நாளைத் தள்ளுபடி பண்ணக் கேக்கலாம்னு நீ சொன்னியே, அதுக்குத் தேதியைக் கொஞ்சம் மாத்தித் தரச் சொல்லலாமான்னு போன வாரம் ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும் போயிட்டேன். 31 வருஷம் தாலுகா ஆபீஸ்ல ஊரான் சர்டிபிகேட்ல தேதி சரியான்னு பாத்தவன். செருப்பைக் கூடக் கழட்டாம திரும்பி வந்துட்டேன்.

இங்க இருந்தப்ப நீ லண்டன் வேலைக்காக நம்ம நேரம் ராத்திரி ஒரு மணி வரைக்கும் ஹால்ல லேப்டாப் வச்சு உக்காந்திருப்பே, லைட் எரியும். அம்மாவுக்கு மூச்சு நின்னுருச்சான்னு நான் எந்திரிச்சு எந்திரிச்சுப் பாக்காம தூங்குனது அந்த வெளிச்சத்துலதான். அதை நேர்ல எப்படிச் சொல்றது உன்கிட்ட.

ரெண்டு பேப்பரும் போட்டோ எடுத்து மெயில்ல அனுப்பிட்டேன், தேதி அதுல எப்படி இருக்கோ அப்படியே. வக்கீல்கிட்டக் காட்டு, ஆவாதுன்னா ஆவாது. அம்மாவுக்கு எதுவும் தெரியாது, சாயங்காலம் அவ போனுக்குக் கூப்பிடு. என்கிட்டப் பேசணும்னு இல்ல.

அப்பா